வழியனுப்பு இதழியல்: யாங்கோன் தமிழ்க் கல்யாணங்களை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

1. ஆய்வின் தேவை

கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும் என்பதற்குத் தமிழரிடம் கணக்கு உண்டு. நூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, தாம்பூலப் பைக்கு எத்தனை தேங்காய் என்பதையெல்லாம் சமையல்காரர் வெற்றிலையை மென்றபடியே சொல்லிவிடுவார். ஆனால் பந்தி முடிந்து, மொய் எழுதி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியேறும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு பூவிதழ் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மண்டபமே ஊமையாகிவிடும். "கூடவே வாங்கி வச்சுக்குங்க, பத்தாமப் போயிடப் போகுது" என்பார் அத்தை. "எதுக்கு? கூட்டித் தள்ளவா?" என்பார் மாமா. இருவர் கூற்றுக்கும் ஆதாரம் கிடையாது. முதலாவது அச்சத்தின்பாற்பட்டது, இரண்டாவது செலவின்பாற்பட்டது.

இந்த அறிவுப் பள்ளத்தை மேவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறைக்கு 'இதழியல்' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அதே பெயரில் ஏற்கெனவே தொழில் நடத்திவரும் பத்திரிகைக்காரர்கள் பொறுத்தருள்க.

ஆய்வுக்களம் யாங்கோன். பெரியவர்கள் இன்னும் ரங்கூன் என்றே சொல்கிறார்கள். கொன்ஸேடான் தெருவில் 1871இல் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காளியம்மன் கோயில் இன்றும் நிற்கும் ஊர் இது. தமிழ் முகூர்த்தமும் பர்மிய நாள்கணக்கும் ஒரே சுவரில் தொங்கும் ஊர். பூவை இன்னும் வீசைக் கணக்கில் நிறுக்கும் ஊர். ஸ்டியரிங்கை ஒரு காலத்துச் சட்டமும் சாலையை இன்னொரு காலத்துச் சட்டமும் ஆளும் ஊர். இத்தனை சிக்கலும் ஒருங்கே அமைந்த களம் வேறு எங்கும் கிடைக்காது என்பதால், மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் அழைப்பையும் மீறி இந்நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூலநூல் அகநானூறு. அதன் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தை வருணிக்கிறார். உளுந்துப் பொங்கல், மணல் பரப்பிய பந்தல், விளக்கு எல்லாம் சொல்லிவிட்டுக் காரியத்துக்கு வருகிறார். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை வாழ்த்தி, பூவிதழும் நெல்லும் கலந்த நீரை அவள் தலையில் சொரிகிறார்கள். ஈர இதழ் கூந்தலில் ஒட்டிக்கொண்டு நெல்மணியோடு மினுங்குகிறது. அதன்பிறகு சுற்றத்தார் ஆரவாரமாக வந்து பெண்ணைக் கணவனிடம் ஒப்படைக்கிறார்கள்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, இதழ் தூவியதும் வழியனுப்புவது என்ற வரிசை சங்க காலத்திலேயே உறுதிப்பட்டுவிட்டது. இரண்டு, தூவுவோர் எண்ணிக்கை நான்கு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. இன்றுபோல் மண்டபம் முழுக்கக் கூடையைச் சுற்றவிடும் வழக்கம் இல்லை. மூன்று, நனைந்த இதழ் ஒட்டும். மூன்றாவது உண்மை அற்பமாகத் தோன்றலாம். யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. இதன் விளைவை வைப்பர் போட்ட ஓட்டுநர்கள் அறிவார்கள்.

அடுத்த சான்று குறிஞ்சிப்பாட்டு. கபிலர் அதில் 99 பூக்களைப் பட்டியலிடுகிறார். அத்தனை பூவையும் பறித்துப் பாறையில் குவித்த பெண்களை நமக்குக் காட்டுகிறார். ஆனால் எதை எவ்வளவு பறித்தார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். தமிழ் அறிவுமரபில் வகைப்பாடு வலுவாகவும் கொள்முதல் பலவீனமாகவும் இருந்ததற்கு இது ஒரு சான்று. இங்கே இன்னொன்றையும் பதிவு செய்வது எம் கடமை. யாங்கோனின் ஷ்வேடகோன் பகோடாவின் உயரமும் ஏறத்தாழ 99 மீட்டர்தான். இந்தப் பொருத்தத்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. இருந்தாலும் ஓர் ஆய்வுக்கட்டுரையில் இப்படி ஒன்று இல்லாவிட்டால் படிப்பவர்கள் ஐயுறுவார்கள்.

குறுந்தொகை 47ஆம் பாட்டு இத்துறைக்குச் செய்த உதவி மகத்தானது. கரிய பாறைமேல் வேங்கைப் பூ உதிர்ந்து கிடப்பது இரவில் புலிக்குட்டியைப்போலத் தெரியும் என்கிறது அது. கறுப்புப் பரப்பில் மஞ்சள் இதழ் விழுந்தால் என்ன காட்சி உண்டாகும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை எந்த அலங்கார நிபுணரும் தந்ததில்லை. கறுப்புக் கார் அமர்த்தியவர்கள் மஞ்சள் இதழைத் தவிர்க்கலாம். அல்லது புலியில் ஏறிப் புக்ககம் போகிறாள் பெண் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இந்த வேங்கைக்கும் யாங்கோனுக்கும் இரத்த உறவு உண்டு. சித்திரை பிறக்கும் நாள்களில், பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் சமயத்தில், ஒரு மழை விழுந்ததும் நகரம் முழுக்க மஞ்சளாய்ப் பூக்கும் படௌக் மரம் நம் வேங்கையின் தங்கை. தாவரவியலில் இரண்டும் டெரோகார்பஸ் என்ற ஒரே பேரினம். சங்கப் பாடல்களில் வேங்கை பூத்தால் தினை அறுக்கலாம், கல்யாணம் பேசலாம் என்று பொருள். நாள் சொல்லும் சோதிடனாகவே அந்த மரத்தை மதித்தார்கள். படௌக்கும் பர்மியருக்குப் புத்தாண்டின் வரவைச் சொல்லும் மரம். ஆக, வழியனுப்புவதற்கு இலக்கியத் தகுதி பெற்ற ஒரே பூ யாங்கோன் தெருவோரத்தில் காசில்லாமல் உதிர்கிறது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பூத்த அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். எந்த நாள் பூக்கும் என்று முன்கூட்டி அழைப்பிதழில் அச்சிட முடியாது.

3. இதழ் எது, இதழ் அல்லாதது எது

சந்தையில் "இதழ்" என்று விற்கப்படுவனவற்றில் பாதி இதழே அல்ல. இதை வெளியிடுவதால் வியாபாரிகளின் பகை வரும் என்று தெரிந்தும் வெளியிடுகிறோம்.

முதலில் செவ்வந்தி. மாந்தளையைத் தாண்டி மலைமேல், ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பின்னூல்வின். வெள்ளைக்காரன் காலத்து மேமியோ. அந்தக் குளிரில் விளையும் பூ இரவுப் பயணத்தில் யாங்கோன் வந்து, திரி மிங்கலா மொத்தச் சந்தையில் விடியுமுன் கைமாறுகிறது. அதில் செவ்வந்திக்குத் தனி இடம் உண்டு. ஆனால் செவ்வந்தியில் நாம் இதழ் என்று பிய்ப்பது ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரு தலையில் கூடி ஒற்றைப் பூபோல் நடிக்கின்றன. சாமந்தி வகை, சூரியகாந்தி எல்லாம் இதே குடும்பம், இதே நடிப்பு. எனவே ஒரு கைப்பிடி செவ்வந்தி தூவும் சித்தப்பா உண்மையில் நூறு பூ தூவிவிட்டார். அவர் மொய் ஐந்தாயிரம் கியாட்டோடு நின்றுவிட்டதற்கு இதைச் சமாதானமாகக் கொள்ளலாம்.

அடுத்தது காகிதப்பூ. யாங்கோன் மதில்களில் இது ஏராளம், செலவில்லை, வாடினாலும் நிறம் போகாது. இதில் நிறமாகத் தெரிவது இதழன்று, நிறம் மாறிய இலை. உண்மையான பூ நடுவில் வெண்மையாக, சின்னதாக, யார் கண்ணிலும் படாமல் இருக்கும். கல்யாணத்தில் பெண்ணின் தம்பியைப்போல.

மல்லிகையில் இதழ் பிரிக்கும் வழக்கம் இல்லை. அதை உதிரியாக அப்படியே தூவலாம். யாங்கோனில் சிக்னலில் நிற்கும் கார்களுக்கு இடையே புகுந்து சின்னச் சரமாக விற்பார்கள். ஓட்டுநர் வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிடுவார். தமிழ்ப் பெண்கள் அதைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு சரமா? நெருக்கமே இல்லையே" என்று சொல்லிவிட்டு நாலு சரமாக வாங்குவார்கள். தூவுவதற்கு மல்லிகை வாங்கினால் அது தூவுமிடம் வந்து சேராது என்பதை அனுபவம் காட்டுகிறது. வழியிலேயே கொண்டைகளுக்குப் போய்விடும்.

இவ்வூரின் பெயரையே தாங்கிய ரங்கூன் மல்லியை இங்கே விட்டுவிட்டால் வரலாறு மன்னிக்காது. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களில் படரும் இக்கொடி மாலையில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் செக்கச் சிவந்துவிடும். முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு என்று மூன்று நாளுக்கும் ஒரே பூ மூன்று நிறம் தரும் என்று மகிழ்ந்து இவ்வாய்வாளர் கூடை நிறையப் பறித்தார். பூவில் பெரும்பகுதி நீண்ட குழல்; நுனியில் ஐந்து சிற்றிதழ். பிய்க்க முயன்றால் கையில் குழல்தான் மிஞ்சுகிறது. ஊர்ப்பற்று வேறு, உபயோகம் வேறு.

எஞ்சுவது ரோஜா. இதழ் அகலமானது, எடை குறைந்தது, காற்றில் தயங்கித் தயங்கி விழும். காற்று இல்லாத இடத்தில் எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று சுத்தியலையும் பறவை இறகையும் ஒன்றாகக் கைவிட்டு இதைக் காட்டினார். ஆகவே நிலவில் கல்யாணம் வைப்பவர்கள் இதழுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. பூமியில், குறிப்பாகக் காற்றில் ஈரம் நிறைந்து கிடக்கும் யாங்கோனில், ரோஜாவே சிறந்தது என்று தீர்மானிக்கப்படுகிறது.

4. அளவை

இப்பகுதி கணிதம் அறிந்தவர்களுக்கு உரியது. மற்றவர்கள் நம்பிக்கையோடு தாண்டிப் போகலாம்.

ஒரு பெரிய ஆள் ஒரு கையால் அள்ளும் ரோஜா இதழ் சமையலறைத் தராசில் பத்துக் கிராமை ஒட்டி நிற்கிறது. இருநூறு பேர் வந்த கல்யாணத்தில் வழியனுப்பும் நேரம்வரை இருநூறு பேரும் நிற்பதில்லை. பாயசம் முடிந்ததும் ஒரு கூட்டம் போகும். தாம்பூலப் பை கைக்கு வந்ததும் பெருங்கூட்டம் போகும். "கார்ல இடம் இருக்கா?" என்று ஒருவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டே மூன்றாவது கூட்டம் போகும். கடைசிவரை நிற்பவர்கள் இரத்த உறவினர், நெருங்கிய நண்பர், இன்னும் பணம் பட்டுவாடா ஆகாத பந்தல்காரர். மொத்தம் அறுபது என்று கொள்வோம்.

அறுபது பேருக்கு ஆளுக்கொரு கைப்பிடி. இதோடு மூன்றில் ஒரு பங்கைக் கையிருப்பாகச் சேர்க்க வேண்டும். காரணம் போக்குவரத்து நெரிசல். இதழ் தூவி, கையசைத்து, கண்ணைத் துடைத்து வழியனுப்பிய கார் பத்தடி போய்ச் சாலையில் ஏற முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே பெண் திரும்பிப் பார்ப்பாள். வெளியே அறுபது பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். மறுபடி சிரிக்க வேண்டும். மறுபடி கையசைக்க வேண்டும். "இன்னும் போகலையா?" என்று எதிர்வீட்டார் கேட்பார்கள். இந்த இரண்டாம் வழியனுப்புக்கு இதழ் ஒதுக்காதவர் யாங்கோனை அறியாதவர்.

ஆக அறுபதும் இருபதும் எண்பது கைப்பிடி, எண்ணூறு கிராம். இங்கேதான் வீசை குறுக்கிடுகிறது. பழைய சென்னை வீசை நாற்பது பலம், அதாவது 1.4 கிலோ. பர்மாவில் இன்றும் சந்தையில் வழங்கும் வீசை 1.63 கிலோ. யாங்கோன் வீசையில் அரை வாங்கினால் எண்பது கைப்பிடி கச்சிதமாக வரும். தஞ்சாவூர்ப் பாட்டி மனக்கணக்காகச் சொன்ன அரை வீசையைக் கிலோவாக்கி வாங்கினால் எழுநூறு கிராம்தான் தேறும். பத்துப் பேர் கை காலியாக நிற்பார்கள். அந்தப் பத்துப் பேரும் மாப்பிள்ளை வீட்டாராக இருப்பார்கள் என்பது கணிதத்தால் நிறுவ முடியாத, ஆனால் ஒருபோதும் பொய்க்காத விதி.

5. காலம்

யாங்கோனில் பூ விலை நிலவைப் பார்த்து ஏறும். பௌர்ணமி, அமாவாசை, வளர்பிறை தேய்பிறை எட்டாம் நாள்கள் என மாதத்தில் நான்கு நாள் பௌத்தர்களுக்கு விரத நாள். வீட்டுக்கு வீடு புத்தர் பீடத்தில் புதுப்பூ வைப்பார்கள், பகோடாவுக்கும் கொண்டுபோவார்கள். நாமோ வளர்பிறை முகூர்த்தம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக அதே நிலவைத் துரத்துகிறோம். பௌர்ணமிக்கு முந்தைய நாள் கல்யாணம் குறித்தவர் பூச்சந்தையில் ஒரு நகரத்தின் பக்தியோடு போட்டியிடுகிறார். அவர் தோற்பதே தர்மம்.

மழைக்காலத்தில் கணக்கு மாறுகிறது. வாஸோ பௌர்ணமி முதல் தடிஞ்சு பௌர்ணமிவரை மூன்று மாதம் பௌத்தர்கள் கல்யாணம் வைப்பதில்லை. நமக்கு ஆடி போனால் ஆவணி பிறந்துவிடும். ஆவணியில் யாங்கோனில் கல்யாணம் வைக்கும் தமிழருக்குப் பெரிய ஓட்டல்களும் பேரத்துக்கு இணங்கும். மண்டபம் மலிவு, மழை இலவசம். ஆனால் அகநானூற்று மூன்றாம் உண்மை அப்போதுதான் முழு வலிமையோடு செயல்படும். ஈரத் தரை ஓட்டில் ரோஜா இதழை மிதித்த பெரியம்மா எந்த வேகத்தில் பயணிப்பார் என்பதைப் பரிசோதனை செய்து பார்க்க இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

நேரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் குறித்த முகூர்த்தத்துக்கு யாங்கோனில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். ராகு காலத்துக்குக் கூட்டக் கூடாது. அது உள்ளூர்ச் சூரியனுக்குக் கட்டுப்பட்டது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டுக்கும் கூட்டியவர்களும், இரண்டுக்கும் கூட்டாதவர்களும், பாதிக்குப் பாதி கூட்டிய மாமாக்களும் உண்டு.

இங்கே ஓர் அரிய கண்டுபிடிப்பைச் சபை முன் வைக்கிறோம். பர்மியச் சோதிடத்தில் வாரத்துக்கு எட்டு நாள். புதன்கிழமையை நண்பகலில் இரண்டாக அறுத்து, முற்பகலைப் புதனுக்கும் பிற்பகலை ராகுவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். முற்பகலுக்குத் தந்தமுள்ள யானை அடையாளம். பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை. ஷ்வேடகோனில் ராகுவுக்குத் தனிச் சந்நிதி மூலையே இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் புதன்கிழமை ராகு காலம் எப்போது? பன்னிரண்டு முதல் ஒன்றரை. இரண்டு நாட்டுச் சோதிடமும் கைகுலுக்கும் இடம் இந்த ஒன்றரை மணி நேரம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஆசைப்பட்டுப் புதனில் முகூர்த்தம் வைத்தவர்கள் பந்தியைச் சுருக்கியாவது பன்னிரண்டுக்குள் பெண்ணை வண்டியேற்றிவிட வேண்டும். ஏற்ற முடியாவிட்டால் ஒன்றரை வரை ஐஸ்கிரீம் கொடுத்து உட்காரவைக்கவும். அதுவரை இதழைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பது நல்லது. குளிர்பெட்டியை நம்பினால் மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று சொல்லும் பஞ்சாங்கம் இன்னும் அச்சாகவில்லை.

6. திசை

பர்மாவில் வண்டிகள் 1970 டிசம்பர்வரை நம்மூர்போல் இடப்பக்கம் ஓடின. பிறகு ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாறின. சோதிடர் சொல்லித்தான் அன்றைய ஆட்சியாளர் நே வின் மாற்றினார் என்று ஊரார் சொல்வார்கள். சாலை மாறியது, வண்டி மாறவில்லை. பின்னாளில் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய கார்களுக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். எனவே யாங்கோனில் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஓட்டுநர்.

இதனால் வழியனுப்பில் விளையும் கேடு சொல்லி மாளாது. தாலி கட்டிய பிறகு மனைவிக்கு இடம் கணவனின் இடப்பக்கம். அம்மையப்பன் காட்டிய முறை. தமிழ்நாட்டில் கார் இடப்பக்கம் ஓரங்கட்டி நிற்கும். ஆகவே பெண் நடைபாதைப் பக்கம் வருவாள். அம்மா சன்னலுக்குள் கையை விட்டுக் கன்னத்தைத் தொடலாம். யாங்கோனிலோ கார் வலப்பக்கம் ஓரங்கட்டும். நடைபாதைப் பக்கம் முன்னே ஓட்டுநர், பின்னே மாப்பிள்ளை. பெண் அந்தப் பக்கம், சாலையின் நடுவே. அறுபது பேரின் எண்பது கைப்பிடியும் ஓட்டுநர்மேலும் மாப்பிள்ளைமேலும் விழும். முன்பின் தெரியாத ஓட்டுநர் ஒருவர் மாதத்துக்கு நாலு முறை இப்படி ஆசீர்வதிக்கப்படுகிறார். பெற்றவளுக்கோ மகளின் முகம் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

தீர்வுகள் மூன்று. சாத்திரத்தை மாற்றிப் பெண்ணை வலப்பக்கம் உட்காரவைக்கலாம், புரோகிதர் ஒப்பமாட்டார். சாலை விதியை மீறிக் காரை எதிர்த்திசையில் நிறுத்தலாம், போலீஸ்காரர் ஒப்பமாட்டார். மண்டபத்து முற்றத்துக்குள்ளேயே காரைத் திருப்பி நிறுத்தி, அங்கேயே தூவி முடித்து, பிறகு சாலையில் விடலாம். மூன்றாவதே பரிந்துரைக்கப்படுகிறது. நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அம்மா சாலையைச் சுற்றி ஓடுவதும் இயலாத காரியமல்ல. ஆனால் பட்டுப்புடவையோடு பஸ்ஸுக்கு எதிரில் ஓடச் சொல்லி எந்த ஆய்வும் பரிந்துரைக்கக் கூடாது.

7. எறிபொருள்களின் வரலாறு

புதுமணத் தம்பதிமேல் எதையாவது எறிய வேண்டும் என்ற தூண்டுதல் மனித குலத்துக்குப் பொதுவானது. எறியும் பொருளில்தான் நாகரிகம் வேறுபடுகிறது.

பர்மாவில் பழைய காலத்தில் எறிந்தது கல். கல்யாணம் ஆன வீட்டின் கூரைமேல் ஊர் இளவட்டங்கள் இரவில் கல் எறிவார்கள். எறியாமல் இருக்க மாப்பிள்ளை பணம் கொடுக்க வேண்டும். 1882இல் ஷ்வே யோ என்ற புனைபெயரில் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் பர்மியர் வாழ்வு பற்றி எழுதிய நூலில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. கல் போய்விட்டது, கல்லுக்கான காசு மட்டும் வழக்கில் நின்றுவிட்டது. தங்கச் சங்கிலியோ வெள்ளிச் சங்கிலியோ குறுக்கே பிடித்துத் தம்பதியை மறித்துக் காசு கேட்பதும் உண்டு. சடங்கிலேயே சங்கு ஊதி, தம்பதியின் கைகளைச் சேர்த்துத் துணி சுற்றி, வெள்ளிக் கிண்ணத்து நீரில் நனைக்கிறார்கள். பெரிய இடத்துக் கல்யாணங்களில் முன்னால் நடந்து பூத்தூவச் சிறுமிகள் வருவார்கள்.

ஐரோப்பியர் அரிசி எறிந்தார்கள். அந்த அரிசியைத் தின்ற பறவைகளின் வயிறு வெடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட, 1985இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கல்யாண அரிசியைத் தடைசெய்ய மசோதாவே கொண்டுவந்தார் ஒரு சட்டமன்ற உறுப்பினர். அந்த உறுப்பினர் ஒருமுறை யாங்கோன் வந்திருக்கலாம். இங்கே தெருவோரம் தானியம் வாங்கிப் புறாவுக்குப் போடுவது புண்ணியம். நாள் முழுக்கத் தின்றும் ஒரு புறாவும் வெடித்ததில்லை. நடக்க முடியாமல் போனவை வேண்டுமானால் சில உண்டு. நம் அட்சதையை வாசலில் தூவினால் நேரும் ஆபத்து வேறு. நாலு தெருப் புறாவும் காக்கையும் விருந்துக்கு வந்துவிடும். அவை சும்மா போவதும் இல்லை; காரின் கூரையில் மொய் வைத்துவிட்டுப் போகும்.

காகிதத் துண்டுகளுக்கு மூலம் இத்தாலி. 1875இல் மிலான் பக்கத்து என்ரிகோ மாஞ்சிலி, பட்டுப்புழு வளர்க்கும் தாள்களில் துளை போட்டபோது விழுந்த வட்டங்களைத் திருவிழாவுக்கு விற்றதாகச் சொல்வார்கள். மழையில் காகிதம் சாயம் விடும். பட்டுப்புழுவில் தொடங்கியது பட்டுப்புடவையில் வந்து பழிதீர்க்கும்.

கல், அரிசி, காகிதம் எல்லாம் கடந்து இதழுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஆனால் எறிகிறவரின் மனநிலை கல் காலத்திலிருந்து அதிகம் மாறிவிடவில்லை என்பது அடுத்த பகுதியில் புலனாகும்.

8. தூவுவோர் வகைப்பாடு

களஆய்வில் நான்கு வகையினர் காணப்பட்டனர்.

முதல் வகை, தூவுவோர். விரலை விரித்து மெல்ல உதிர்ப்பவர்கள். பெரும்பாலும் அத்தை, சித்தி வயதினர். இவர்களால் ஒருவருக்கும் தீங்கில்லை. இரண்டாம் வகை, எறிவோர். மாப்பிள்ளையின் நண்பர்கள். இதழை உள்ளங்கையில் உருட்டிக் கெட்டியாக்கி முகத்துக்கு நேராக வீசுவார்கள். தங்கள் கூட்டத்திலிருந்து ஒருவன் பிரிந்துபோகிறான் என்ற வருத்தத்தை வெளிப்படுத்த இவர்களுக்கு வேறு மொழி தெரியாது. அந்தக் காலமாக இருந்தால் கூரையில் கல் விழுந்திருக்கும். மூன்றாம் வகை, கொட்டுவோர். கூடையோடு தலையில் கவிழ்ப்பவர்கள், வழக்கமாகத் தாய்மாமன். முறைசெய்யும் உரிமை உள்ளவர் என்பதால் ஆட்சேபிக்க முடியாது.

நான்காம் வகை, வைத்திருப்போர். கொடுத்த கைப்பிடியை மூடிய கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். கார் போன பிறகும் கை திறக்காது. "அண்ணே, தூவலையா?" என்று யாராவது கேட்டால்தான் நினைவு வரும். இவ்வகையில் எப்போதும் ஒருவர் தவறாமல் இருக்கிறார்: பெண்ணின் அப்பா.

இந்த நான்காம் வகைதான் எம் கோட்பாட்டின் அச்சு. இதழால் தம்பதிக்கு உண்டாகும் பயன் எதுவும் இல்லை. கழுத்துக்குள் போய் உறுத்தும். சட்டைப் பையில் கிடந்து வாடும். சீட்டுக்கு அடியில் நாலு நாள் கிடக்கும். பயன் முழுவதும் வாசலில் நிற்கிறவர்களுக்கு. ஒரு வீட்டுப் பெண்ணைப் பிரிகிற நேரத்தில் மனிதர்களுக்குக் கையை என்ன செய்வதென்று தெரிவதில்லை. கட்டிக்கொண்டால் முறைப்பதுபோல் இருக்கிறது. தொங்கவிட்டால் தோற்றவர்போல் இருக்கிறது. முகத்துக்குக் கொண்டுபோனால் அழுகை வந்துவிடுகிறது. நல்லாவூர் கிழார் காலத்தில் நான்கு பெண்களுக்கு நீரும் இதழும் கொடுத்தது இதற்குத்தான். பர்மிய இளவட்டங்கள் சங்கிலி பிடிப்பதும் இதற்குத்தான். கைக்கு ஒரு வேலை.

9. வரலாற்றுப் பின்னிணைப்பு

ரங்கூன் தமிழருக்கு வழியனுப்பும் ஊராகவே நெடுங்காலம் இருந்தது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் போன காலத்தில் துறைமுகத்தில் கூட்டமாக நின்று அனுப்பினார்கள். 1942இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். அனுப்பிவைக்க அப்போது வாசலில் யாரும் நிற்கவில்லை. 1964 மார்ச்சில் கடைகள் தேசியமயமாயின. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். பணத்துக்கும் நகைக்கும் கட்டுப்பாடு. சேர்த்த சொத்து இங்கே, போன உயிர் அங்கே. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் என்று கடை போட்டுப் பிழைத்தார்கள்.

அந்த வழியனுப்புகளில் எவரும் இதழ் தூவியதாக ஒரு பேச்சும் இல்லை. திரும்பி வருவாள் என்று தெரிந்த இடத்தில்தான் பூத்தூவ மனம் வரும். பெண் போவது இருபத்தொன்பதாம் தெருவிலிருந்து தக்கேட்டாவுக்கு; மறுவீட்டுக்கு மூன்றாம் நாள் வந்துவிடுவாள்; பஸ்ஸில் ஏறினால் நெரிசலோடு சேர்த்தும் ஒரு மணி நேரம். அதற்குத்தான் அரை வீசை ரோஜா. ஆகவே கூட்டித் தள்ளவா என்று கேட்ட மாமாவுக்கு எம் பதில்: ஆமாம், கூட்டித் தள்ளத்தான். பக்கத்தில் போகிறவளுக்குப் பூவை விரயம் செய்ய முடிகிற ஒரு தலைமுறை இந்த ஊரில் இருப்பது விரயம் அன்று.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

இதழ் ரோஜாவாக இருக்கட்டும். கடைசிவரை நிற்பவர் அறுபது பேரானால் யாங்கோன் வீசையில் அரை வாங்குங்கள். அதில் கால் பங்கைத் தனியாக எடுத்துவைத்து, கார் வாசலில் சிக்கிக்கொண்டதும் வெளியே எடுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாளையும் புதன்கிழமை உச்சிப்பொழுதையும் தவிர்த்துவிடுங்கள். காரை முற்றத்துக்குள்ளேயே திருப்பி நிறுத்திப் பெண்ணை அம்மா பக்கம் கொண்டுவாருங்கள். ஈரத் தரையில் தூவாதீர்கள். சாமிக்குச் சாத்திய மாலையைப் பிய்த்துத் தூவாதீர்கள், காலில் மிதிபடும். கூட்டிப் பெருக்கும் பணியாளருக்கு மொய்க்கவரில் தனியாகப் பணம் போட்டுக் கையில் கொடுங்கள். கூடையைச் சுற்றவிடும்போது முதல் கைப்பிடியைப் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுங்கள். அவர் தூவாமல் வைத்திருந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

வரும் ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இவற்றை மனத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஆட்சேபம் உள்ள அத்தைமார் பூ வாங்கப் போவதற்கு முன்பே தெரிவித்துவிடவும். வாங்கிய பிறகு வரும் ஆட்சேபங்கள் ஏற்கப்படமாட்டா.